பேதிப் பதிவேடு

இசிடோரோவுக்கு வயிற்றுப்போக்கு வர வேண்டும் என்று முடிவானபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அவன் சமையற்கூடத்தின் கோடியில் இடுப்பளவுத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு எண்ணெய்ச் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வயிறு கல் மாதிரி இருந்தது. பூண்டுச் சோறும் பொரித்த முட்டையும் உள்ளே போய் அதிக நேரம் ஆகவில்லை.

முடிவெடுத்தவன் துணைத் தலைமைச் சமையல்காரன் வெனான்சியோ. அதை எழுத்தில் கொண்டுவர வேண்டியவள் கப்பலின் நர்ஸ் ரெமெடியோஸ். வாயில் நுழையாத வெள்ளைக்காரர்களுக்கும், நுழைந்தும் சோம்பேறித்தனப்படும் பிலிப்பைன்காரர்களுக்கும் அவள் ரெமி.

கப்பல் ஃப்ளோரிடா துறைமுகத்தில் கட்டப்பட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு முப்பத்தைந்துக்கு ஒலிபெருக்கி, திரு. ஸ்டெர்லிங் அவர்கள் வரவேற்பறைக்கு வரவும் என்று இரண்டு முறை சொன்னது. அந்தப் பெயரில் கப்பலில் யாரும் கிடையாது. பயணிகள் திரும்பிப் படுத்துத் தூங்கினார்கள். கீழ்த்தளங்களில் ஆயிரத்து நூறு பேர் எழுந்து ஓடினார்கள். அமெரிக்கச் சுகாதார ஆய்வாளர்கள் ஏணிப்பாலத்தடியில் நிற்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். சொல்லாமல் வருவார்கள், வருடத்துக்கு இரண்டு முறை. நூற்றுக்கு எண்பத்தாறு எடுத்தால் தேர்ச்சி. அதற்குக் கீழே போனால் கப்பலின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிகிற பட்டியலில் ஏறும், கீழே இருப்பவர்களின் பெயர் ஒவ்வொன்றாக வேறு பட்டியலில் ஏறும்.

வெனான்சியோ மருத்துவப் பிரிவின் கதவைத் தட்டாமல் திறந்தான்.

"இன்டாய், எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றான். இலோய்லோப் பக்கத்தில் தங்கை முறைப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் ரெமி இன்டாய் ஆவாள். மற்ற நாளெல்லாம் நர்ஸ்.

"என்ன ஆளு?"

"பேதி ஆளு."

ரெமி காபியைக் கீழே வைத்தாள். "மூணாம் நம்பர் குளிரறையா?"

"அதேதான். முந்தாநாளே செத்துப்போச்சு. இறால், புகைபோட்ட மீனு, க்ரீம் கேக்கு எல்லாம் நாலு வண்டி. இன்னிக்கு ராத்திரி விருந்துக்கு அதான் இருக்கு. தேதிச் சீட்டு ஒண்ணும் உருப்படியா இல்ல."

"கொட்டிடுங்களேன்."

"குப்பை அறையைத்தான் அவங்க முதல்ல மோந்து பாக்கறாங்க. அவ்வளவு இறாலைப் பாத்தா ஏன் கொட்டினேன்னு கேக்க மாட்டாங்களா?"

முன்பெல்லாம் இதற்கு எளிய வழி இருந்தது. வண்டிகளை ஊழியர் அறைகளுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொருவனும் தன் கட்டிலடியில் அரை மாட்டை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்பான். பிறகு ஏதோ ஒரு கப்பலில் யாரோ ஒருவன் போட்டுக்கொடுத்துவிட்டான். அதிலிருந்து ஆய்வாளர்கள் ஊழியர் அறைகளையும் திறக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கை வைக்காத கதவு இப்போது ஒன்றே ஒன்றுதான். சிவப்புத் தாள் ஒட்டிய கதவு. உள்ளே தொற்றுள்ள ஆள் படுத்திருக்கிறான் என்று அந்தத் தாள் சொல்லும். தனிமை அறையைத் திறந்தால் விதியை மீறியவர் ஆய்வாளரே ஆவார். காலி அறை என்றால் மட்டும் சுத்தம் பார்க்கத் திறப்பார்கள். ஆகவே உள்ளே ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குப் பேதி வேண்டும், அது பதிவேட்டில் வேண்டும்.

"யாரு?" என்றாள் ரெமி.

"இசிடோரோ. சட்டி கழுவறவன். வாயில விரல வச்சாலும் கடிக்க மாட்டான்."

"பெரியவருக்குத் தெரியுமா?"

பெரியவர் என்றால் ஃபான் ரீஸ். கப்பலின் விடுதிப் பிரிவு முழுவதற்கும் மேலாளர், டச்சுக்காரர்.

"தெரியாதுன்னு சொல்லச் சொன்னார்" என்றான் வெனான்சியோ.

இசிடோரோ ஏழு ஐந்துக்கு வந்தான். முப்பத்துநான்கு வயது, அந்திகே மாகாணத்துக்காரன், கழுத்தே இல்லாதது போன்ற தோள். சட்டைக் கைகள் முழங்கை வரை ஈரமாக இருந்தன. தரையில் சொட்டியது. ரெமி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அந்த ஈரத்தைப் பார்த்தாள், துடைத்துக்கொள்ளச் சொன்னாள். அதற்கு மேல் அதைப்பற்றி அவள் யோசிக்கவில்லை. பிற்பாடு யோசிக்க அவளுக்கு நேரம் நிறையக் கிடைத்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றான் அவன் வெட்கத்தோடு.

"தெரியும். உக்காரு."

"நோங் சொன்னாரு. ரெண்டு நாள் படுத்துக்கிடந்தா போதும்னு. மேல சமையல் லைனுக்கு என் பேரைக் கொடுத்திருக்காராம். அடுத்த வாரம் லெட்டர் வந்துடுமாம்." நோங் என்றால் அண்ணன். வெனான்சியோவைச் சமையற்கூடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் அழைத்தார்கள். அவன் யாருக்கும் அண்ணனாக இருந்ததில்லை.

"எத்தனாவது கான்ட்ராக்ட் உனக்கு?"

"நாலாவது. நாலும் தொட்டிதான்."

ரெமி பதிவேட்டைத் திறந்தாள். இந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வேறொரு கப்பலில் ஒரு நர்ஸ் இதே போல ஓர் ஆளைத் தயார் செய்தபோது, ஒரே மணி நேரத்துக்குள் மூன்று முறை, அதுவும் சொல்லிவைத்தாற்போல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை என்று எழுதினாள். ஆய்வாளர் படித்துவிட்டு, இவனென்ன ரயிலா என்று கேட்டாராம். ரெமி அப்படிப்பட்டவள் அல்ல. விதி என்ன சொல்கிறது? இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மூன்று முறை. இரண்டு முறை போனால் அது சாதாரண வயிற்றுக் கோளாறு. மூன்று முறை போனால் அது நோய். முதல் முறை இரவு ஒன்பது நாற்பது என்று எழுதினாள். இரண்டாவது ஒன்று பதினைந்து. மூன்றாவது நான்கு முப்பது. இடைவெளிகள் ஒன்று போல் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். வாந்தி இல்லை என்று போட்டாள். வாந்தி என்றால் எங்கே எடுத்தான், யார் துடைத்தது, எந்த மருந்து ஊற்றியது என்று இன்னொரு தாள் வேண்டும். காய்ச்சல் லேசாக. சாப்பிட்டவற்றின் பட்டியலில், எல்லோரும் முதலில் சந்தேகப்படுகிற கோழியை முன்னால் போட்டாள்.

எழுதி முடித்ததும் அதைத் திரும்பப் படித்தாள். நிஜமான நோயாளிகள் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை என்று தோன்றியது. நன்றாக இருந்தது.

"இதை மனப்பாடம் பண்ணிக்க. ஒன்பது நாப்பது, ஒண்ணே கால், நாலரை. ஒருவேளை போன் பண்ணிக் கேப்பாங்க. வேற ஒண்ணும் சொல்லாத."

"ஒன்பது நாப்பது, ஒண்ணே கால், நாலரை" என்றான் இசிடோரோ. "எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மேடம். அதுவும் காலைல."

"இன்னிலேர்ந்து மூணு."

இரண்டாம் தளத்தில் அந்த அறை. இரண்டடுக்குக் கட்டில், ஒரு குளியல் மூலை, சன்னல் கிடையாது. வெனான்சியோவின் ஆட்கள் நான்கு வண்டிகளையும் கட்டிலை ஒட்டி நெருக்கி நிறுத்தினார்கள். இடம் போதாமல் க்ரீம் கேக் தட்டுகளை மேல்கட்டிலில் அடுக்கினார்கள். இசிடோரோ கீழ்க்கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தான். இறால் வண்டி அவன் மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

"தின்னுடாதடா" என்றான் ஒருவன். "அப்புறம் நிஜமா வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். இசிடோரோவும் சிரித்தான். கதவு சாத்தப்பட்டது. ரெமி சிவப்புத் தாளை ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டாள்.

ஆய்வாளரின் பெயர் திருமதி ஹால்வர்சன். அறுபதை நெருங்கியவர். ஒல்லி. சட்டைப் பையில் வெப்பமானி, கையில் சிறிய டார்ச். மற்ற இரண்டு ஆய்வாளர்களும் நேராகச் சமையற்கூடத்துக்குப் போனார்கள். இவர் மருத்துவப் பிரிவில் உட்கார்ந்து முதலில் பேதிப் பதிவேட்டைக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். ஃபான் ரீஸ் பின்னால் கைகட்டி நின்றார். தண்ணீர் வேண்டுமா, காபி வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார்.

"பயணிகள்ல ரெண்டு பேரு. ஊழியர்ல ஒருத்தர், இன்னிக்குக் காலைல" என்றார் திருமதி ஹால்வர்சன். "பதிவெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்" என்றாள் ரெமி. அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

"பாதிக் கப்பல்ல நேரமே போட மாட்டாங்க. நீங்க நிமிஷம் வரைக்கும் போட்டிருக்கீங்க." விரல் நின்றது. "சட்டி கழுவறவர். அப்ப உணவுப் பகுதி. முதல் தடவை ராத்திரி ஒன்பது நாப்பது. இவரோட வேலை நேர அட்டையைக் காட்டுங்க."

அட்டை என்பது பேச்சுக்குத்தான். ஃபான் ரீஸின் உதவியாளன் கணினியில் தட்டி, அச்சடித்துக் கொண்டுவந்தான். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்தில்தான் ரெமிக்கு ஈரச் சட்டைக் கைகள் நினைவுக்கு வந்தன. அவன் படுக்கையிலிருந்து எழுந்து வரவில்லை. தொட்டியிலிருந்து வந்தான்.

திருமதி ஹால்வர்சன் தாளைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார். நேற்று மாலை நான்கு முதல் இரவு பதினொன்று வரை வேலை. இன்று காலை ஐந்து முதல் ஆறு ஐம்பது வரை வேலை.

"அப்ப முதல் தடவை போனதுக்கு அப்புறம் ஒரு மணி இருபது நிமிஷம். மூணாவதுக்கு அப்புறம் ஒரு மணி ஐம்பது நிமிஷம். பயணிகள் சாப்பிடற பாத்திரத்துல கைய வச்சிருக்காரு" என்றார். குரலில் கோபம் இல்லை. கூட்டிக் கழித்துச் சொல்லும் குரல். "அவரோட பேசணும். அறைக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

ரெமி எண்களை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"தம்பி, நான் சுகாதார ஆய்வாளர் பேசறேன். பயப்படாதீங்க. உடம்பு எப்படி இருக்கு?"

"பரவால்ல மேடம்."

"எப்பலேர்ந்து?"

"ஒன்பது நாப்பது, ஒண்ணே கால், நாலரை" என்றான் இசிடோரோ. வாத்தியார் முன் நிற்கிற பிள்ளை போல மூச்சு விடாமல்.

"சரி. ஒன்பது நாப்பதுக்கே ஆரம்பிச்சிருக்கு. அப்பவே ஏன் நர்ஸ்கிட்ட சொல்லல?"

இந்தக் கேள்விக்கு அவனுக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ரெமி ஃபான் ரீஸைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் யோசித்தான். யோசித்து, அந்தக் கப்பலில் கீழ்த்தளத்தில் தூங்குகிற எவனும் சொல்லியிருக்கக்கூடிய பதிலைச் சொன்னான். நிஜமாகப் பேதி வந்திருந்தால் நிஜமாகவே எதற்காக மறைத்திருப்பானோ, அதையே சொன்னான்.

"வேலை போயிடும்னு பயந்தேன் மேடம்."

"புரியுது" என்றார் திருமதி ஹால்வர்சன். "நிறையத் தண்ணி குடிங்க."

போனை வைத்துவிட்டு எழுதினார். நோயோடு உணவுப் பகுதியில் வேலை செய்தது, தெரிந்தே மறைத்தது. நான்கு மதிப்பெண் குறைவு. சிவப்புத் தாள் ஒட்டிய கதவை அவர் திறக்கவில்லை. அதைக் கடந்து போகும்போது சுவரோரமாக ஒதுங்கி நடந்தார்.

மாலையில் மதிப்பெண் வந்தது. தொண்ணூற்றொன்று. ஊழியர் உணவகத்தில் ஐஸ்க்ரீமும் பீரும் கொடுத்தார்கள். வெனான்சியோ மேசைமேல் ஏறி நின்று குடித்தான். அதற்கு முன்பே நான்கு வண்டிகளும் மேலே போய்விட்டிருந்தன. இறாலைப் பூண்டு வெண்ணெயில் புரட்டி, எலுமிச்சை பிழிந்து, இரண்டாயிரத்து எண்ணூறு பயணிகளுக்குப் பரிமாறினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேர் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

இசிடோரோ மட்டும் வெளியே வர முடியவில்லை. பதிவேட்டின்படி அவனுக்குப் பேதி. பேதி நின்று நாற்பத்தெட்டு மணி நேரம் ஆக வேண்டும். வேளைக்கு ஒரு தட்டில் காய்ந்த ரொட்டியும் வாழைப்பழமும் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நோயோடு வேலை செய்தால் பணிநீக்கம் என்று ஊழியர் உணவகத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அப்படி நீக்கப்பட்டவனின் கோப்பு மணிலாவுக்குப் போகும். மணிலாவில் எந்த ஏஜென்சியும் அவனுக்கு இன்னொரு கப்பலைக் கொடுக்காது. இது இசிடோரோவுக்குத் தெரியும். ஆனாலும் முதல் நாள் முழுக்க அவன் பயப்படவில்லை. எல்லோருக்கும் உண்மை தெரியுமே என்று இருந்தான்.

இரண்டாம் நாள் காலை கேப்டனின் அறையில் விசாரணை. கேப்டன் கிரேக்கர். ஜன்னலுக்கு வெளியே கடல் சும்மா கிடந்தது. கேப்டனின் எதிரே ஃபான் ரீஸ், வெனான்சியோ, ரெமி. இசிடோரோவை முகமூடி போட்டுக் கதவருகே இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வைத்திருந்தார்கள்.

"நோயை மறைச்சு வேலை செஞ்சிருக்க" என்றார் கேப்டன். "நீயே ஒத்துக்கிட்டிருக்க. ஏதாவது சொல்லணுமா?"

"எனக்குப் பேதியே இல்ல கேப்டன். வண்டிய ஒளிச்சு வைக்கறதுக்காக என்னைப் படுக்க வச்சாங்க. நோங், நீங்களே சொல்லுங்க."

வெனான்சியோ கம்பளத்தைப் பார்த்தான். "இவன் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல கேப்டன். சொல்லியிருந்தா அந்த நிமிஷமே அனுப்பியிருப்பேன்."

"என்ன வண்டி?" என்றார் ஃபான் ரீஸ்.

"இறால் வண்டி சார். கேக்கு. மேல்கட்டில் பூரா கேக்கு."

கேப்டன் ரெமியின் பக்கம் திரும்பினார். "அந்த அறையில சாப்பாட்டு வண்டி இருந்துச்சா?"

ஒரு வரி போதும். நேரத்தை நான்தான் தப்பாக எழுதினேன் என்று சொன்னால் போதும். வண்டிகளைப்பற்றிச் சொல்லக்கூட வேண்டாம். தவறு என்று மட்டும் சொன்னால் இசிடோரோ தொட்டிக்குத் திரும்பிப் போவான். அவள் போவது வேறு இடத்துக்கு. பொய்ப் பதிவு எழுதிய நர்ஸுக்கு உரிமம் போகும். போன ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் தலைமை நர்ஸ் பதவிக்கான தாள் வந்திருந்தது. அதை இழக்க முடியாத அளவுக்கு அவள் வீட்டில் எந்த அவலமும் இல்லை. பிள்ளைகள் இல்லை, கடன் இல்லை, படுத்த படுக்கையாக யாரும் இல்லை. அவளுக்கு அந்தப் பதவி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தொற்று நோயாளி அறைக்குள்ள சாப்பாட்டு வண்டியை நான் விடுவேனா கேப்டன்?" என்றாள்.

"மேடம்" என்றான் இசிடோரோ. "அந்த டைமெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தது."

"நோயாளி சொல்றதைத்தான் நான் எழுதறது."

முகமூடிக்கு மேல் அவன் கண்கள் அவளையே பார்த்தன. அதில் கோபம் இன்னும் வந்து சேரவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிறவனின் பார்வை.

"அப்ப டெஸ்ட் பண்ணுங்க" என்றான். "மிஷின் இருக்குல்ல. என் மலத்தை எடுத்துப் பாருங்க. பேதி இருந்தா அதுல தெரியும். இல்லைன்னா இல்லைன்னு தெரியும்."

"பண்ணலாம்" என்றாள் ரெமி. கேப்டன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவளுக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. இயந்திரம் சொல்லட்டும். இயந்திரம் அவனைக் காப்பாற்றினால் அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஆனால் இசிடோரோவுக்கு வரவில்லை. இரண்டு நாளாக ரொட்டியும் வாழைப்பழமும், அசையாமல் படுக்கை, இப்போது பயமும். அவனுக்கு அடைத்துக்கொண்டுவிட்டது. ரெமி மூடிபோட்ட சிறிய டப்பாவைக் கொடுத்துவிட்டு மதியம் வந்து கேட்டாள், இல்லை. மாலை வந்து கேட்டாள், இல்லை. ராத்திரிக்குள் கப்பல் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று முறை போனவனுக்கு ஒரு முறை வரவில்லையாம். சலவைப் பிரிவுக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் கதவைத் தட்டி, "டோரோ, வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுமனைக்காரன் ஒருவன் கதவடியில் ஒரு கிண்ணம் உலர்ந்த பிளம்ஸ் பழம் வைத்து, நண்பர்களின் அன்போடு என்று சீட்டு எழுதியிருந்தான். இசிடோரோ அத்தனையையும் தின்றான். வேறு வழியில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனே போன் செய்தான். "மேடம், வந்துடுச்சு." லாட்டரி விழுந்தவன் குரல்.

சோதனைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ரெமி எதையும் மாற்றவில்லை. குளிர்பெட்டியில் நிஜமான நோயாளிகள் இரண்டு பேரின் டப்பாக்கள் இருந்தன. அவற்றை அவள் ஒரு முறை பார்த்தாள், கதவைச் சாத்தினாள். முடிவு வந்தது. எந்தக் கிருமியும் இல்லை. பச்சைப் பிள்ளையின் வயிறு போலச் சுத்தம். கப்பலின் டாக்டர் வழக்கம் போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவள் மின்தூக்கிக்குக்கூடக் காத்திராமல் ஆறு தளம் படியேறி ஃபான் ரீஸின் அறைக்குப் போனாள்.

"சார், சுத்தமா இருக்கு. அவனுக்கு நோயே இல்ல."

ஃபான் ரீஸ் தாளை வாங்கிப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அருமை" என்றார். "இந்த யோசனை எனக்கு வரல பாருங்க."

"அப்ப அவன் வேலைக்குத் திரும்பலாமா சார்?"

"உக்காருங்க ரெமி. அவனுக்கு நோய் இல்லைன்னா, நோயோட எவனும் சமையற்கூடத்துல வேலை செய்யல. செய்யலைன்னா அந்த நாலு மார்க்கைக் குறைச்சது தப்பு. இந்தத் தாளை வச்சு மறுபரிசீலனைக்கு எழுதப்போறேன். கொடுத்தாங்கன்னா தொண்ணூத்தஞ்சு." பேனாவை எடுத்தார். "அவன் வேலைக்கு டிமிக்கி கொடுக்கப் பேதின்னு பொய் சொல்லியிருக்கான். நர்ஸை ஏமாத்தி, ஆய்வாளர்கிட்டயும் போன்ல பொய் சொல்லியிருக்கான். அதுக்கும் பணிநீக்கம்தான். வேற விதி எண், அவ்வளவுதான்."

ரெமி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோய் இருந்தாலும் போறான், இல்லைன்னாலும் போறான்" என்றாள். அது கேள்வியாகவும் இல்லை, எதிர்ப்பாகவும் இல்லை.

"முந்தாநாளே போனவன்தானே ரெமி அவன். சும்மா போறதை விட நாலு மார்க்கோட போறது நல்லதில்லையா?" அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "அவன் சொன்னதை நம்பி எழுதினேன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. உங்க பதிவு மேல யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த அம்மாவே பாராட்டிட்டுப் போச்சு."

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. அவர் வேறு பேனா கொடுத்தார்.

சனிக்கிழமை கப்பல் மறுபடியும் அதே துறைமுகத்தில் கட்டப்பட்டது. நீக்கப்பட்டவன் விமானம் ஏற நர்ஸின் சான்றிதழ் வேண்டும். பேதிப் பதிவேட்டில் ஒரு முறை பெயர் ஏறியவன், அது பொய்யாகவே இருந்தாலும், உடல் தேறிவிட்டான் என்ற தாள் இல்லாமல் இறங்க முடியாது. இசிடோரோ தோளில் ஒரு பையோடு வந்து அவள் மேசையின் முன் உட்கார்ந்தான். சவரம் செய்து, தலையைப் படிய வாரியிருந்தான். வாசலுக்கு வெளியே பாதுகாப்புக்காரன் ஒருவன் நின்றான், இவன் வழியில் எதையாவது உடைத்துவிடுவான் என்பது போல.

அவள் படிவத்தை நிரப்பினாள். பெயர், பாஸ்போர்ட் எண், பதவி. அதற்கு அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன மேடம்?"

"கடைசி அறிகுறி எப்ப நின்னுச்சுன்னு கேக்குது."

"வெறுமனே விட்டா?"

"விட்டா விமானத்துல ஏத்த மாட்டாங்க."

இசிடோரோ முன்னால் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தான்.

"வராதது எப்ப நின்னுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "நீங்களே ஒரு டைம் போடுங்க மேடம். நீங்க நல்லாப் போடுவீங்க. நான் தொட்டியில இல்லாத டைமாப் பாத்துப் போடுங்க."

குரல் உயரவில்லை. ஊசி போட வந்தவன் எந்தக் கையில் என்று கேட்பது போலக் கேட்டான். ரெமிக்கு முகம் சூடானது. ஆனாலும் அவள் கணினியில் அவனுடைய வேலை நேரத்தை எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எந்த நேரம் போட்டாலும் பொருந்தும். அன்று மாலை நான்கு பத்து என்று எழுதினாள். முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினாள்.

"அடுத்து என்ன பண்ணப்போற?"

"மாமா ஒருத்தர் சான் ஹோசேல பன்றிப்பண்ணை வச்சிருக்காரு. கழுவ ஆள் வேணும்பாரு."

"சரி."

"உங்களுக்குத் தலைமை நர்ஸ் ஆயிடுச்சாமே. சலவைல சொன்னாங்க."

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தான். பாதுகாப்புக்காரன் நகர்ந்து வழிவிட்டான். இருவரும் நடைவழியில் போனார்கள். ரப்பர் செருப்பின் சத்தம் குறைந்துகொண்டே போனது.

ரெமி மேசையைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"இசிடோரோ" என்று கூப்பிட்டாள்.

அவன் சட்டென்று திரும்பினான். பையைக் கீழே வைத்தான். ஏறக்குறைய ஓடி வந்தான். மூன்று நாளாக எங்கோ போயிருந்த ஒன்று அந்த முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான்.

"ரெண்டாவது காப்பில நீ கையெழுத்துப் போடல" என்றாள் ரெமி.

அவன் பேனாவை வாங்கினான். எங்கே என்று கேட்டான். அவள் விரலால் காட்டிய இடத்தில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினான்.